ஐம்பத்தைந்து என்று சொன்னேன்

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் கிடங்கில், தோல் கட்டுகளை நிறுக்கும் இரும்புத் தராசின் முன்னால் நான் நின்றுகொண்டிருந்தேன். எதிரே குவாலிட்டி மேனேஜர், கையில் ஒரு ரிஜிஸ்டருடன். பக்கத்தில் என் கொழுந்தன் பிரபுதாஸ். சற்றுத் தள்ளி, தோல் கட்டு தூக்கிக்கொண்டிருந்த இரண்டு பேர் கட்டைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார்கள்.

"செருப்பக் கழட்டிடுங்கமா," என்றார் மேனேஜர்.

அது நான் மற்றவர்களிடம் சொல்கிற வாக்கியம். கர்ப்பிணிகளிடம் ஒரு நாளைக்கு இருபது தடவை சொல்லியிருப்பேன். முதல் தடவையாக என்னிடம் ஒருவர் சொன்னார்.

என் மணிக்கட்டு எலும்பு முறிந்ததைப் போன வாரம் இந்தப் பத்தியில் எழுதியிருந்தேன். அதன்பிறகும் சைக்கிள் ஓட்டினீர்களா என்று குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். ஓட்டினேன். எப்படி ஓட்டினேன் என்று சொல்லப்போனால் இந்தத் தராசில்தான் வந்து நிற்க வேண்டியிருக்கிறது.

ஹாலந்துப் பெண் விட்டுப்போனது

அப்போது நான் ஆஸ்பத்திரியின் கிராமப் பிரிவில் நர்ஸ். காலையில் ஜீப் எங்களை ஒடுகத்தூர் பக்கம் ஒரு துணை நிலையத்தில் இறக்கிவிடும். அங்கிருந்து ஆளுக்கொரு சைக்கிள். என் பங்குக்கு மலையடிவாரத்தில் நான்கு ஊர்கள். பஸ் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. மழை பெய்தால் அதுவும் இல்லை. பாதையில் மண்ணைவிடக் கல் அதிகம்.

மாவுக்கட்டைப் பிரித்த பிறகு எலும்பு சேர்ந்துவிட்டது என்றார்கள். ஆனால் சைக்கிளின் முன் சக்கரம் ஒரு கல்லில் ஏறினால் வலி முழங்கை வரை போய்விட்டுத் திரும்பி வரும். எலும்பு டாக்டர் கைக்கு அதிர்வு கூடாது என்றார். எங்கள் பிரிவு டாக்டர் ஒரு மாதம் பார்ப்போம், முடியாவிட்டால் வார்டுக்கு வந்துவிடுங்கள் என்றார்.

வார்டு ஒன்றும் மோசமான இடம் இல்லை. ஆனால் பதினோரு வருஷம் நான் அந்த நான்கு ஊருக்குப் போயிருக்கிறேன். எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்த மாமியார் மருமகளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பமாட்டாள் என்று எனக்குத் தெரியும். புதிதாக வருகிறவளுக்கு அதை எழுதிக் கொடுக்க முடியாது.

துணை நிலையத்தின் பின்னால், ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகையில், ஒரு கியர் சைக்கிள் நின்றிருந்தது. ஹாலந்திலிருந்து ஒரு வருஷம் சேவைக்கு வந்த பெண் கொண்டுவந்தது. ஆறடி உயரம் அந்தப் பெண். திரும்பிப் போகும்போது விமானத்தில் ஏற்ற முடியாமல் விட்டுப்போய்விட்டாள். மோட்டார் சைக்கிளில் இருப்பதுபோல அதன் முன் சக்கரத்தைத் தாங்கும் போர்க்கில் இரண்டு கால்களிலும் ஷாக் அப்ஸார்பர் உண்டு. அதிர்வை அது வாங்கிக்கொள்ளும், கைக்கு வராது என்று சொல்லித்தான் அவள் எங்களிடம் பெருமைப்பட்டுக்கொள்வாள்.

சீட்டை முழுக்க இறக்கினால் என் கால் கட்டைவிரல் தரையைத் தொட்டது. ஹேண்டில்பாரைப் பிடித்து அமுக்கிப் பார்த்தேன். போர்க் உள்ளே போனது. வெளியே வர ரொம்ப யோசித்தது.

ஜீப்பின் தலையில் கட்டி சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். காரணம் பிரபுதாஸ்.

உருகிய ரப்பர்

பிரபு என் வீட்டுக்காரரின் தம்பி. அப்போது கல்யாணம் ஆகவில்லை, எங்களோடுதான் இருந்தான். தினமும் பஸ்ஸில் ஆம்பூர் போய்வருவான். ஷூ கம்பெனியில் சோதனை லேப்பில் வேலை. ஷூவை ஆயிரம் தடவை மடக்குவது, தோலை இழுத்துக் கிழிப்பது, சோலில் ஒரு சின்ன மீட்டரை அழுத்தி அது எவ்வளவு கெட்டி என்று எழுதுவது. ஒரு தடவை அந்த மீட்டரை வீட்டுக்குக் கொண்டுவந்து என் இட்லியில் வைத்தான். "பன்னெண்டு அண்ணி," என்றான். அது நல்லதா கெட்டதா என்று அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பிரபு போர்க்கின் இரண்டு கால்களின் தலையிலும் இருந்த மூடிகளைத் திருகி எடுத்தான். உள்ளே ஒரு மெல்லிய கம்பியில் மணி கோத்ததுபோல ரப்பர் துண்டுகள் அடுக்கியிருந்தன. மேலே இருந்தவை மஞ்சள், நடுவில் நீலம். அடியில் இருந்தவற்றுக்கு நிறம் இல்லை. இரண்டு கோடை அந்தக் கொட்டகையில் நின்றதில் அவை பாகாகியிருந்தன. விரலில் ஒட்டியது விடவில்லை. தீய்ந்த இனிப்பு மாதிரி ஒரு வாசனை.

பிரபு மோந்து பார்த்தான். இன்னொரு தடவை மோந்து பார்த்தான்.

"அண்ணி, இது நம்ம சோலு."

"நம்ம சோலுன்னா?"

"ஷூவுக்கு அடியில ஊத்தறமே, பி.யூ., அதே சரக்கு. சூட்டுலயும் ஈரத்துலயும் போட்டு வெச்சா இப்படித்தான் ஆய்டும். இன்னா ஒண்ணு, அவங்க வட்டமா வெட்டிக்கிறாங்க."

வெளியூரில் சொந்தக்காரரைப் பார்த்தவன் மாதிரி அவன் முகம் இருந்தது. மண்ணெண்ணெய் ஊற்றி, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, இரண்டு கால்களின் உட்புறத்தையும் சுத்தம் செய்தான். அதற்கே இரண்டு சாயங்காலம் ஆயிற்று. கம்பெனியில் வெட்டி மீந்த சோல் ஷீட்டில் வட்டம் போட்டு எடுத்துவிடலாம் என்றான். எந்தக் கெட்டியில் எடுப்பது என்பதுதான் கேள்வி. அது ஓட்டுகிற ஆளின் எடையைப் பொறுத்தது.

பாஸ்டரம்மா முன்னால்

அவன் கேட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வந்த பிறகு. பாஸ்டரம்மா எங்கள் வீட்டுக்கு வந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பிரபு நோட்டும் பென்சிலுமாக உள்ளே வந்தான்.

"அண்ணி, உங்க வெயிட்டு எவ்ளோ?"

நான் வாயைத் திறப்பதற்குள் பாஸ்டரம்மா, அவரை யாரும் கேட்காதபோதே, "நான் நாப்பத்தெட்டு," என்றார்.

அதற்குப் பிறகு சொல்லக்கூடிய எண்கள் அதிகம் இல்லை.

"அம்பத்தஞ்சு," என்றேன்.

பொய் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த அன்று கார்டில் ஐம்பத்தைந்து என்றுதான் எழுதினார்கள். அதன்பிறகு யாரும் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஊர்களில் பெண்கள் என்னிடம் நிறையப் பொய் சொல்வார்கள். சத்து மாத்திரையைத் தினமும் விழுங்குவதாகச் சொல்வாள் ஒருத்தி. மாத்திரை அட்டை முழுசாக அரிசிப் பானைக்குள் இருக்கும். நான் கோபித்துக்கொள்வேன். நீ ஏமாற்றுவது என்னையில்லை என்றெல்லாம் பேசுவேன். எடையை மட்டும் நான் யார் வாயாலும் கேட்டதில்லை. மெஷினில் ஏற்றிவிடுவேன். அந்த அளவுக்கு எனக்குத் தொழில் தெரியும்.

பிரபு தொழில் தெரியாதவன். நோட்டில் எழுதிக்கொண்டு போய்விட்டான்.

நாலு மில்லிமீட்டர்

லேப்பில் ஒரு அட்டவணை வைத்திருந்தான். மீட்டர் இந்த எண்ணைக் காட்டும் ரப்பரின் மேல் இவ்வளவு கனம் வைத்தால் இவ்வளவு அமுங்கும் என்று அதில் இருக்கும். ஐம்பத்தைந்தில் முன் சக்கரத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்து, அதற்குத் தகுந்த ரப்பரைத் தேடி, மெஷினில் டை என்கிற வெட்டு அச்சை வைத்து வட்டங்களாக வெட்டி, நடுவில் துளை போட்டுக் கொண்டுவந்தான். கிரீஸ் தடவி, கம்பியில் கோத்து, இரண்டு கால்களிலும் ஒரே மாதிரி அடுக்கி, மூடியைத் திருகினான்.

பிறகு ஷூ தைக்கும் சிவப்பு நூலை எடுத்து, போர்க்கின் பளபளப்பான உள்குழாயில், வெளிக்குழாயைத் தொட்டபடி ஒரு முடிச்சுப் போட்டான்.

"இது எதுக்கு?"

"இதான் அண்ணி முக்கியம். போர்க்கு மொத்தம் அம்பது மில்லி அமுங்கும். நீங்க சும்மா உக்காந்தாலே கால்வாசி எறங்கணும். அப்பத்தான் பள்ளம் வந்தா சக்கரம் கீழ நீளும், கல்லு வந்தா மேல ஏறும். கம்மியா எறங்கினா கட்டை மாதிரி இருக்கும். ஜாஸ்தியா எறங்கினா கல்லுக்கு எடம் இருக்காது. டொக்குன்னு அடில இடிக்கும்."

வீட்டுக்காரர் பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டார். நான் ஏறி உட்கார்ந்து, இரண்டு காலையும் தூக்கி, ஓட்டுகிற மாதிரி கையை ஊன்றினேன். பிறகு மெதுவாக இறங்கினேன். போர்க் மேலே வந்தது. அமுங்கியபோது நகர்ந்த நூல், நகர்ந்த இடத்திலேயே நின்றது. பிரபு ஸ்கேல் வைத்தான்.

"பதினாறு."

பன்னிரண்டு வந்திருக்க வேண்டும். இன்னொரு தடவை உட்காரச் சொன்னான். பதினாறு. மூடியைத் திருகி ரப்பரைக் கொஞ்சம் முன்கூட்டியே அழுத்தி வைத்துப் பார்த்தான். பதினாலுக்குக் கீழே வரவில்லை. எல்லாவற்றையும் கழற்றி, ஒவ்வொரு வட்டத்தின் மேலும் மீட்டரை வைத்தான். மீட்டர் முன்பு காட்டியதையே காட்டியது.

"கெட்டியா வேற ரப்பர் போட்டுடேன்," என்றார் வீட்டுக்காரர்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போட்டான். பன்னிரண்டு வந்தது. திங்கட்கிழமை நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன்.

முதல் ஊருக்குப் போகும் வழியில் ஒரு காய்ந்த ஓடை. உருட்டுக் கல்லாகக் கிடக்கும். வலிக்குத் தயாராகப் பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினேன். முன் சக்கரம் எனக்குக் கீழே மேலும் கீழும் போய்வந்தது. ஹேண்டில்பார் அநேகமாக அசையவில்லை. அக்கரைக்குப் போன பிறகும் கொஞ்ச தூரம் பல்லைக் கடித்தபடியே போனேன். நான்கு ஊரும் போய்வந்தேன். இரண்டு குழந்தைகளுக்கு ஊசி, ஒரு தையல் பிரித்தல். கை வலிக்கவில்லை.

சாயங்காலம் பிரபுவிடம் சொன்னேன்.

"சந்தோசம் அண்ணி," என்றான். முகத்தில் சந்தோஷம் இல்லை.

"இன்னா பிரபு?"

"போர்க்கு சரியாய்டுச்சு. மீட்டர்தான் பேஜார் பண்ணுது. அது சொல்ற கெட்டி ரப்பர்ல இல்ல. அதே மீட்டர வெச்சித்தான் மூணு மாசமா சோலெல்லாம் பாஸ் பண்ணிக்கிறேன்."

அப்போதே சொல்லியிருக்கலாம். அறையில் அவனும் நானும் மட்டும்தான் இருந்தோம். நான் குக்கருக்கு வெயிட் போட்டுக்கொண்டிருந்தேன்.

"மிஷின்னா அப்படி இப்படித்தான் இருக்கும்," என்றேன்.

இங்கிலீஷ் கடிதம்

மீட்டரோடு ஒரு ரப்பர் கட்டை வரும். அதில் அழுத்தினால் குறிப்பிட்ட ஓர் எண் வர வேண்டும். வந்தால் மீட்டர் சரி. பிரபு அழுத்தினான், சரியாகவே வந்தது. அவன் சமாதானமாகவில்லை. "அந்தக் கட்டையும் ரப்பர்தானே அண்ணி. அதுக்கும் வயசாவும்," என்றான்.

யாரும் கேட்காமலே மேனேஜரிடம் போய், என் மீட்டரின் மேல் எனக்குச் சந்தேகம் என்று சொல்லிவிட்டான். வெளிநாட்டுக்குக் கிளம்பத் தயாராக ஒரு கண்டெய்னர் ஏற்றியிருந்தார்கள். அதை நிறுத்திவிட்டார்கள். மூன்று மாதம் எப்படிப் பாஸ் செய்தாய், இப்போது எதை வைத்துச் சந்தேகப்படுகிறாய், இரண்டு நாளில் எழுதிக்கொடு என்று அவனுக்கு ஒரு மெமோ.

மறுநாள் காலையில் நான் யூனிபார்ம் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். பிரபு ஒரு தாளை நீட்டினான். இட்லி வைத்த தட்டு அப்படியே இருந்தது.

"இங்கிலீஷ் சரியா இருக்குதா பாருங்க அண்ணி."

நன்றாகவே எழுதியிருந்தான். மூன்றாவது பத்தி இப்படி இருந்தது: சைக்கிளை ஓட்டுபவர் பயிற்சி பெற்ற நர்ஸ். எடை பார்ப்பது அவருடைய அன்றாடத் தொழில். ஆகவே ஐம்பத்தைந்து கிலோ என்ற எண்ணில் சந்தேகத்துக்கு இடமில்லை. தவறு மீட்டரிலோ என்னிடமோதான் இருக்க வேண்டும்.

இரண்டாவது பத்தியில் ஒரு எழுத்துப் பிழை இருந்தது. முதலில் அதைத் திருத்தினேன்.

"பிரபு, மூணாவது பாராவ எடுத்துடு."

"ஏன் அண்ணி, கிராமர் தப்பா?"

"கிராமர் சரியாத்தான் இருக்குது. வெயிட்டுதான் தப்பு."

அவனுக்குப் புரியவில்லை. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தேன்.

"நான் அம்பத்தஞ்சு இல்ல. அறுவத்தொம்போது."

பிரபு அப்படியே தரையில் உட்கார்ந்தான். தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் பென்சிலால் போட ஆரம்பித்தான். அவன் கோபப்பட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். நான் ஏதாவது பதில் பேசியிருப்பேன்.

"பதினஞ்சு வருது," என்றான். "மீட்டர் கரெக்டு அண்ணி. மீட்டர் கரெக்டு." பிறகு கொஞ்சம் யோசித்து, "ஒரு மில்லி மட்டும் இன்னும் ஒதைக்குது."

நான் இஸ்திரிப் பெட்டியை எடுத்துக்கொண்டேன்.

பேப்பருக்குப் பின்னாலிருந்து வீட்டுக்காரர் குரல் வந்தது. "நான் அப்பவே நெனச்சேன்."

"நெனச்சா அப்பவே சொல்றதுக்கு இன்னா?"

"பாஸ்டரம்மா இருந்தாங்க."

தராசு

பிரபு திருத்திக் கொடுத்த கடிதத்தை மேனேஜர் வாங்கிக்கொள்ளவில்லை. "அம்பத்தஞ்சுன்னு சொன்னவங்க இப்ப அறுவத்தொம்போதுன்றாங்க. நாளைக்கு எம்பதுன்னு சொன்னா நான் இன்னா பண்றது? அவங்களக் கூட்டிட்டு வா," என்று அனுப்பிவிட்டார்.

அரை நாள் லீவு போட்டுவிட்டு ஆம்பூருக்குப் பஸ் ஏறினேன். அந்த ஊர் வருவது மூக்குக்குத்தான் முதலில் தெரியும். கம்பெனி கேட்டில் ஷிப்ட் முடிந்த பெண்கள் வரிசையாக நின்று பையைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்து, புது ஆளா என்று ஒருத்தி கேட்டாள். எடை பார்க்க வந்திருக்கிறேன் என்றேன். அவள் அதற்குமேல் கேட்கவில்லை.

செருப்பைக் கழற்றிவிட்டுத் தராசில் ஏறினேன். கைப்பையைப் பிரபுவிடம் கொடுக்கச் சொன்னார் மேனேஜர். கொடுத்தேன். முள் ஆடி நிற்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. நான் எதிரே சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எழுவத்தி ரெண்டு," என்றார் மேனேஜர்.

பிரபு கண்ணை மூடிக்கொண்டான். உதடு அசைந்தது. "பதினாறு," என்றான் மெதுவாக. "சார், கரெக்டா பதினாறு வருது சார்."

பின்னாளில் அவன் கல்யாணத்தில் நான் பக்கத்திலேயே நின்றேன். அன்றுகூட அவன் முகத்தில் அவ்வளவு மகிழ்ச்சி இல்லை.

மேனேஜர் ரிஜிஸ்டரில் எழுதி என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். தோல் கட்டுகளின் எடைகளுக்குக் கீழே என் எடையும் என் கையெழுத்தும். பிறகு தன் அறையில் உட்காரவைத்து டீ வரவழைத்தார். நிதானமான மனிதர்.

"சார், தப்பு என்னுது," என்றேன். "பிரபு மேல ஒண்ணும் இல்ல."

"மீட்டர் மேல ஒண்ணும் இல்லமா. கண்டெய்னர் இன்னிக்கே போய்டும்." அவர் டீயை ஆற்றிக்கொண்டார். "ஆனா கம்பெனி ரப்பரு, கம்பெனி மிஷினு, வீட்டு சைக்கிளு. அது வேற கேஸு. அத நான் பாத்துக்கறேன், நீங்க டீ சாப்புடுங்க."

டீ சாப்பிட்டேன். அந்த வேறு கேஸைப் பற்றி நான் அன்று மேற்கொண்டு யோசிக்கவில்லை. எழுபத்திரண்டைப் பற்றித்தான் பஸ்ஸில் யோசித்துக்கொண்டு வந்தேன்.

ஸ்டோரில் நல்ல காற்று

பிரபு வழக்கம்போல அதே பஸ்ஸில் போனான், அதே நேரத்துக்கு வந்தான். ஒன்றரை மாதம் கழித்து, அந்தக் கம்பெனியில் தையல் பிரிவில் வேலை செய்கிற பெண் ஒருத்தி ஆராதனை முடிந்து கோயில் வாசலில் என்னிடம் பேசிக்கொண்டிருந்தாள். பேச்சுவாக்கில், "பிரபு அண்ணன் இப்ப லேப்ல இல்லியே. ஸ்டோர்ல சோல் எண்ணிக்கினு இருக்காரு," என்றாள்.

வீட்டுக்கு வந்து கேட்டேன்.

"ஆமா அண்ணி. ஆறு மாசம்னு எழுதிக் குடுத்துக்கிறாங்க."

"ஏன் சொல்லல?"

"சொல்றதுக்கு இன்னா இருக்குது? ஸ்டோர்ல நல்ல காத்து."

அவன் லேப்பில் ஏ.சி. உண்டு என்பது எனக்குத் தெரியும். மனிதருக்காகப் போட்டதில்லை, தோலுக்காகப் போட்டது. இருந்தாலும் அவன் அதில்தான் எட்டு வருஷம் உட்கார்ந்திருந்தான். ஸ்டோரில் அளப்பதற்கு ஒன்றும் இல்லை. எண்ணுவதுதான்.

மேனேஜருக்கு நான் இங்கிலீஷில் ஒரு கடிதம் எழுதினேன். தவறு முழுக்க என்னுடையது என்று மூன்று பத்தி. அனுப்பினேன். பதில் வரவில்லை. ஆறு மாதம் ஒரு நாள்கூடக் குறையவில்லை. அது முடிந்து பிரபு லேப்புக்குத் திரும்பினான். அதே மீட்டர், அதே நாற்காலி.

அந்த ஆறு மாதமும் சனிக்கிழமை ஜீப்பில் சைக்கிள் வீட்டுக்கு வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பிரபு அதை வாசலில் நிறுத்தி, மூடிகளைத் திறந்து, ரப்பரைத் துடைத்து, கிரீஸ் தடவி, நூல் கட்டி, என்னை ஏறி உட்காரச் சொல்லி அளப்பான். வாரத்தில் அவன் கையில் ஸ்கேல் பிடித்தது அந்த ஒரு மணி நேரம்தான். முடிந்ததும் கேட்பான்.

"கை வலிக்குதா அண்ணி?"

வலிக்கவே இல்லை. அந்த ஆறு மாதத்தில் நான்கு ஊருக்கும் நான் ஒரு நாள் தவறாமல் போனேன். அந்த ஓடையில் நடுவில் இறங்காமல் ஓட்டக் கற்றுக்கொண்டேன். வார்டுப் பேச்சை டாக்டர் எடுக்கவே இல்லை. லேசாக வலிக்கிறது என்று ஒரு வாரமாவது சொன்னால் என் மனசுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்குமே என்று தோன்றும். ஆனால் சொன்னால் அவன் போர்க்கை மறுபடி பிரிப்பான். எங்கே தப்பு என்று தேடிக்கொண்டே இருப்பான்.

"இல்ல பிரபு," என்பேன்.

அவன் தலையாட்டிவிட்டு மூடியைத் திருகி மூடுவான்.